வந்த வாசல்

எந்திரிங்க சார். மொதல்ல எந்திரிங்க. கால்ல எல்லாம் விளக் கூடாது, நான் என்ன சாமியா? அந்தச் சேர்ல உக்காருங்க. அது வேண்டாம், அதுல ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஃபேனைப் போடுறேன். கோயமுத்தூர்ல இருந்து பஸ்லயா வாரீக? மெயின் ரோட்டுல எறங்கி நடந்தே வந்தீகளாக்கும், இந்த வெயில்ல. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு பாருங்க. தண்ணி குடிங்க.

விக்னேஷ்குமார் சார்தான? பேரு சொல்லாமலே தெரிஞ்சிருச்சு. எம்மக அழகுமீனா போன்ல ஒரு படம் அனுப்பியிருந்தா. மொத மொத ஒத்தையில ப்ளேனை ஓட்டிட்டு எறங்குனாள்ல, அன்னைக்கு எடுத்தது. நீங்க அவ தலையில ஒரு வாளித் தண்ணிய ஊத்துறீக, அவ கண்ணை மூடிக்கிட்டுச் சிரிக்கா. அது என்ன வளக்கம் சார்? எல்லா ஊர்லயும் அப்படித்தானா? எங்க ஊர்ல கோயிலுக்கு விட்ட ஆட்டுக்குத்தான் தலையில தண்ணி ஊத்துவாக, அது தலைய ஆட்டுனா வெட்டுவாகன்னு நான் விளையாட்டுக்குச் சொல்லிட்டேன். எப்பா, போய் வாயக் களுவுங்க, நான் தலையெல்லாம் ஆட்டலைன்னா. அப்படிச் சிரிச்சா போன்ல.

எதுக்கு வந்திருக்கீகன்னும் தெரியும். அந்த ரிப்போர்ட்டு எனக்கும் ஒரு காப்பி வந்துச்சு. உங்க பேரைப் போடல, பயிற்சியாளர்னு போட்டிருக்காக. எஞ்சின் நின்னா என்ன செய்யணும்னு அந்தப் பிள்ளைக்கு முறையாப் பளக்கி விட்டதா லாக் புக்குல பதிவு இல்லைன்னு. திங்கக்கெளமை கடைசி விசாரணை, அதுல உங்க லைசென்ஸ் போனாலும் போகும். அப்படித்தான? நீங்க அதுக்காக வரலையா? சரி. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தீக. நம்புறேன் சார். பொய் சொல்ற மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

எட்டு மாசமா ப்ளேன் பக்கமே போகலையா? அப்ப என்ன செய்றீக? மாமனார் கடையில உக்காந்திருக்கீகளா. ம்.

ஐயோ, பயப்படாதீக, உக்காருங்க. அது ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் கம்பெனியில வெடி போட்டுப் பாக்காக. சத்தம் சரியா இருக்கான்னு லோடு ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு வெடியப் போட்டுப் பாப்பாக. எங்களுக்குக் காக்கா கத்துற மாதிரி. சத்தம் ஒண்ணு ரெண்டோட நின்னா டெஸ்ட்டு. அடுக்கடுக்கா கேட்டாத்தான் நாங்க தெருவுக்கு ஓடுவோம்.

நான் முப்பத்தோரு வருசமா பட்டாசுக் கம்பெனியில இருக்கேன். மருந்து கலக்குற பக்கத்துக்கு ஃபோர்மேன். எட்டாப்புதான் படிச்சேன். மருந்து டிரம்முல ஒட்டியிருக்கிற இங்கிலீசைப் பாத்துப் பாத்து, டிக்சனரிய வச்சுக்கிட்டுப் படிக்கப் பளகுனவன். இந்த எட்டு மாசத்துல உங்க ப்ளேன் விபத்து ரிப்போர்ட்டு அறுபது எளுபது படிச்சிருப்பேன், நம்ம நாட்டுது, வெளிநாட்டுது. போன்ல கெடைக்குது சார் எல்லாம். ஒரு ரிப்போர்ட்டு படிக்க எனக்கு நாலு நாளு ஆகும்.

படிக்கப் படிக்க என்னடா இது நம்ம கம்பெனி மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. பெட்ரோல் ஊத்தும்போது ஒரு கம்பியக் கொண்டாந்து ப்ளேன்ல மாட்டுறீகள்ல, கரண்டு தரைக்கு எறங்குறதுக்கு? எங்க ரூம் வாசல்லயும் செம்புத் தகடு இருக்கும், அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். மேல இருக்கிற கரண்டு எறங்கிரணும். முன்னாடி ஒரு தடவை அவட்ட இந்தத் தகட்டைப் பத்திச் சொன்னப்ப, பாத்தீகளாப்பா, ரெண்டும் ஒரே தொளில்தான், ஆனா எங்கள்து சேஃப்டி, எங்கள்ட்ட எரியறது ஒரே ஒரு எடத்துல, உங்களுக்கு ஷெட்டு ஷெட்டால்ல எரியும்னா. வாயி அவளுக்கு. அவுக அம்மா வாயி.

அவ அம்மா படம் அதுதான். கற்பகவல்லி. இவளுக்கு ஆறு வயசு இருக்கையில போயிட்டா. ஆமா, கம்பெனியிலதான். நோய்னு நெனச்சீகளா?

எங்க ரூமுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும் சார். எல்லாம் வெளிய பாத்துத் தொறக்கும், தாப்பா கெடையாது. ஓடுறதுக்குத்தான் அப்படிக் கட்டுறது. அன்னைக்குப் பக்கத்து ஷெட்டுல புகை கெளம்பிருச்சு. கற்பகவல்லி ரூம்ல நாலு பேரு. மூணு பேரு வந்த வாசல் வழியாவே திரும்பி ஓடிட்டாக, அந்தப் பக்கம் வெறும் பொட்டல், ஒரு வேம்பு. இவ முன்னாடி இருந்த கதவு வழியா நேரா ஓடிட்டா. அந்தப் பக்கம் மேடையில கலர் மணி, வானத்துல கலர் கலரா எரியுற மருந்து உருண்டை, காயப் போட்டிருந்துச்சு. புகையில அவளுக்குத் தெரியல. அவ போறதுக்கு முன்னாடி நெருப்பு அங்கன போயிருச்சு.

நான் வேம்புக்குக் கீள நின்னு எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது ஆளு வரல.

அதுல இருந்து என்கீள வேலை பாக்குறவுகளுக்கு மொத நாளே சொல்லிருவேன். முன்னாடி என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது, நீ வந்த வழி உனக்குத் தெரியும், உன் காலாலயே நடந்து வந்தது. ஏதாச்சும்னா யோசிக்காத, திரும்பு, வந்த வாசல் வழியா ஓடு. தெனம் காலைல நான் ஏதாச்சும்னான்னு கத்துவேன். அம்புட்டுப் பேரும் வந்த வாசல்னு திருப்பிக் கத்தணும். அதுக்குப் பெறகுதான் மருந்தத் தொடணும். ஃபோர்மேனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு சிரிப்பாக. ராக்காயின்னு ஒருத்தி, கல்யாணத்துல தாலி கட்டுறப்பயும் மாப்பிள்ளைய வந்த வாசல்னு கத்தச் சொல்லுங்கண்ணேன்னு கேலி பேசுவா. அதே ராக்காயி ரெண்டு வருசம் களிச்சு ஒரு நாள் திரும்பி ஓடியாந்து என் முன்னாடி நின்னா, முடி மட்டும் கருகியிருந்துச்சு. அதுக்குப் பெறகு ஒருத்தரும் சிரிக்கல.

எம்மகளுக்கும் அதேதான். ஆறு வயசுல இருந்து. கொட்டகைக்குப் போனாலும், கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், பஸ்ல ஏறுனாலும் கேப்பேன், ஏதாச்சும்னா? வந்த வாசல்ம்பா. ஒரு தடவை விருதுநகர்ல ஜவுளிக் கடையில கரண்டு போயி எல்லாரும் கூச்சல் போட்டாக. எட்டு வயசுப் பிள்ளை என் கையப் பிடிச்சு இளுத்துக்கிட்டு இருட்டுல திரும்பி வாசலுக்குக் கூட்டியாந்துருச்சு. யோசிக்கவே இல்ல. எனக்கு அன்னைக்கு அம்புட்டுப் பெருமை. கடைக்காரரு சிரிச்சாரு, நான் ரோட்டுல நின்னு அளுதேன்.

ப்ளேன் ஓட்டப் போறேன்னப்ப ஊரே கேலி பண்ணுச்சு. பட்டாசுக்காரன் மக ராக்கெட்டுல போறாளாக்கும்னு டீக்கடையில கேப்பாக. ஆமாலே, திரியப் பத்த வச்சுட்டேன், ஒதுங்கி நில்லுன்னுட்டு வருவேன். எனக்குப் பயம் இல்லைன்னா நெனச்சீக? மொதத் தடவை அங்கன வந்து அந்த ப்ளேனைப் பாத்தேன். கைய வச்சா தகரம் நசுங்குது. எங்க ஊரு ஷேர் ஆட்டோ இதவிடக் கெட்டி. தாயி, இதுக்கு வந்த வாசல் எதுன்னு கேட்டேன். ரன்வேயக் காட்டுனா. அதாம்ப்பா வாசல், அங்கன இருந்துதான கெளம்புறேன்னா. எனக்கு மனசு ஆறிருச்சு.

நான் வந்த அன்னைக்கு நீங்க அந்தப் பக்கமாத்தான் நின்னீக, அது நீங்கன்னு பெறகு படத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு. போன்ல பேசிக்கிட்டு இருந்தீக.

தெனம் பறக்குறதுக்கு முன்னாடி போன் பண்ணுவா. ஏதாச்சும்னா? வந்த வாசல்ப்பா. வச்சுருவா. அம்புட்டுதான் பேச்சு. அன்னைக்கும் பண்ணுனா.

அளாதீக தம்பி. நான் சொல்லி முடிச்சுக்கிறேன். தம்பின்னு கூப்பிடலாமுல்ல?

ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஆனா நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு சொல்லுங்க. முந்தின நாளு நல்ல மளை. றெக்கை மேல பெட்ரோல் மூடி, அதுல ரப்பர் வாரு வெடிச்சுக் கெடந்திருக்கு. தண்ணி உள்ள எறங்கிருச்சு. இவ காலைல கீள இருந்து குடுவையில பெட்ரோலைப் பிடிச்சுப் பாத்திருக்கா. நீலமா, சுத்தமாத்தான் இருந்திருக்கு, கையெளுத்துப் போட்டிருக்கா. ப்ளேன் சாஞ்ச தரையில நின்னதால தண்ணி வேற மூலையில ஒதுங்கியிருந்திருக்கு. மேல கெளம்புனதும் அது ஆடி எஞ்சினுக்கு வந்துருச்சு. முந்நூத்தம்பது அடியில எஞ்சின் நின்னுருச்சு. சரிதான?

ரொம்ப நாளா எனக்கு அந்த ரப்பர் வாரு மேலதான் கோவம். பெறகுதான் புரிஞ்சுச்சு. எஞ்சின் நிக்கிறது சாவு இல்ல. எஞ்சின் இல்லாமலும் ப்ளேன் எறங்கும். கெளம்புன ஒடனே நின்னுச்சுன்னா மூக்கைத் தாழ்த்தி, நேரா, முன்னாடி எது கெடைக்குதோ அதுல எறங்கிரணும். திரும்பக் கூடாது. எல்லா ரிப்போர்ட்டுலயும் அதே சொல்லுதான், எந்த நாடா இருந்தாலும். திரும்பணும்னா றெக்கையச் சாய்க்கணும். சாஞ்ச றெக்கையத் தாங்கிப் பிடிக்க வேகம் கூட வேணும். எஞ்சின் இல்ல, வேகம் எங்கன இருந்து வரும்? மூக்கைக் கீள விட்டாத்தான் வரும். தரை மொகத்துக்கு நேரா வாரையில யாருக்கு மூக்கைக் கீள விட மனசு வரும்? கை தானா மேல இளுக்கும். இளுத்தா ஒரு றெக்கை செத்துரும். செத்த பக்கமாச் சுருண்டுக்கிட்டு விளும். உயரம் இருந்தா மீட்டுரலாம். அவளுக்கு இல்ல. சரியாச் சொல்றேனா தம்பி? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

பதினோரு செகண்டு. இந்த வாட்ச்ல வச்சுப் பாத்திருக்கேன். ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரம்.

நான் அந்த எடத்தப் போய்ப் பாத்தேன். மூணு மாசம் முன்னாடி. உங்களுக்குத் தெரியாது, ஒருத்தர்ட்டயும் சொல்லல. ரன்வே முடிஞ்சு வேலி. வேலி தாண்டி நேரா ஒரு சோளக்காடு. அன்னைக்கு அது அறுத்துப் போட்டுக் கெடந்துச்சாம், காட்டுக்காரரு சொன்னாரு. வரப்பு கெடையாது, கெணறு கெடையாது, ஒரு கம்பம் கெடையாது. மேசை மாதிரி கெடக்கு. நடந்து அளந்து பாத்தேன், நானூத்தி எண்பது தப்படி. எம்மக நேரா போயிருந்தா வண்டி நசுங்கியிருக்கும், கால் கை ஒடிஞ்சிருக்கும். காட்டுக்காரரு மோர் குடுத்திருப்பாரு அவளுக்கு. எனக்குக் குடுத்தாரு.

அங்கன நின்னுக்கிட்டுத்தான் கற்பகவல்லிய நெனச்சேன். அம்மா நேரா ஓடிச் செத்தா. மக திரும்பிச் செத்தா.

இருங்க, வாரேன். இந்தப் பெட்டிய எடுக்கணும். இல்ல, நீங்க உக்காருங்க, எனக்குப் பளக்கம்தான்.

இது அவ நோட்டு. பச்சை அட்டை. நீங்க அனுப்பி விட்ட பையில துணிக்கு அடியில இருந்துச்சு. தெனமும் எளுதுவா போல, எனக்கே தெரியாது. இந்தப் பக்கத்தைப் படிங்க. கண்ணாடி இல்லையா? நானே படிக்கேன், எனக்கு மனப்பாடம். இன்னைக்கும் விக்னேஷ் சார் சொல்லாமக் கொள்ளாம எஞ்சினைக் கொறைச்சுட்டாரு. எங்க போவன்னு கேட்டாரு. நான் திரும்புனேன். செத்துட்டன்னாரு. மறுபடி கொறைச்சாரு. மறுபடி திரும்புனேன். ஏன் மீனா உனக்கு இது மட்டும் ஏற மாட்டேங்குதுன்னு கத்துனாரு. மூணாந்தடவை நேரா போனேன். பிளைச்சுட்டன்னாரு. தேதி போட்டிருக்கா பாருங்க. இதுல ஒண்ணு, இதுல ஒண்ணு, இந்தா. ஏளு எடத்துல இருக்கு. நீங்க லாக் புக்குல எளுத மறந்தத அவ எளுதி வச்சிருக்கா. நீங்க பளக்கித்தான் விட்டிருக்கீக. இதக் கொண்டு போய்க் குடுத்தீகன்னா உங்க மேல பளி நிக்காது.

தேங்க்ஸ் சொல்லாதீக. சொல்லாதீக தம்பி. கீள இன்னும் ரெண்டு மூணு வரி இருக்கு. அதயும் படிக்கணும்.

அப்பாட்ட இதச் சொல்லக் கூடாது. வந்த வாசல்தான் அவருக்குச் சாமி. காலைல போன்ல எப்பயும் போலச் சொல்லிக்கிடுவோம்.

ஆமா. எனக்காகத்தான் சொல்லியிருக்கா, தெனமும். பறக்குறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி. நீங்க ஆறு மாசமா அவ கைய நேரா திருப்புனீக. நான் பதினஞ்சு வருசமா, அதுபோக அன்னன்னைக்குக் காலைலயும், பின்னாடி திருப்புனேன்.

எப்பக் கெடைச்சுச்சா? அதத்தான் கேப்பீகன்னு நெனச்சேன். பதினாறாம் நாள் காரியம் முடிச்சுப் பையப் பிரிச்சப்பக் கெடைச்சுச்சு. இருபதாம் நாளு எம் மச்சினன் சிவபாண்டி, கற்பகவல்லி தம்பி, மனு எளுதிக்கிட்டு வந்தான். அந்த வாத்தியாரை உள்ள தள்ளாம விடக் கூடாது மாமான்னு. சூலக்கரைக்குக் கூட்டிட்டுப் போனான், கலெக்டர் ஆபீசுக்கு. ஆமா, அந்த மனுதான். உங்க வீட்டுக்குப் போலீஸ் வந்தது அதுலதான். உங்க மொதலாளி உங்கள நிப்பாட்டுனதும் அதுலதான். அதுல மொதக் கையெளுத்து என்னோடது. நோட்டு இந்தப் பெட்டியில இருக்கையிலதான் போட்டேன். யாரோ ஒருத்தரு காரணமா இருக்கணும்ல தம்பி. நான் இல்லாத யாரோ ஒருத்தரு.

இல்ல, உக்காருங்க. திட்டணும்னா திட்டுங்க. எந்திரிச்சுப் போறதுன்னாலும் போங்க, நோட்டை மட்டும் விட்டுட்டுப் போயிராதீக. சிவபாண்டிகிட்ட நேத்தே சொல்லிட்டேன், மனுவ வாபஸ் வாங்கப் போறேன்னு. கிறுக்குப் பயலேன்னான். அக்கா புருசனைப் பயலேன்னுட்டான், அம்புட்டுக் கோவம். திங்கக்கெளமை நானும் விசாரணைக்கு வாரேன். நோட்டு மட்டும் பத்தாது.

அவ கடைசியா ப்ளேன்ல இருந்து ரேடியோவுல பேசுனது பதிவாயிருக்குல்ல, அந்த டேப்பை உங்களுக்குப் போட்டுக் காட்டுனாகளா? உங்க மேல விசாரணைங்கிறதால காட்டலையா. எனக்குப் போட்டாக. அப்பாங்கிற மொறையில, கொரல் அவள்துதானான்னு கேக்க. ஆபீசரு வடக்கத்தி ஆளு, ரொம்ப மரியாதையான மனுசன், எனக்கு அவரே சேரை இளுத்துப் போட்டாரு. தமிள் தெரிஞ்ச அம்மா ஒருத்தவுக கூட இருந்தாக. மொதல்ல இங்கிலீசுல எஞ்சின் நின்னுருச்சுன்னு சொல்றா. நெதானமாத்தான் சொல்றா, பேங்க்ல டோக்கன் நம்பர் சொல்ற மாதிரி. பெறகு அந்த ஊளைச் சத்தம், றெக்கை சாகப் போகுதுன்னு ப்ளேன் கத்துமாமே, அது. அந்த ஊளைக்கு நடுவுல ஏதோ சொல்றா. அந்த அம்மாவுக்குப் பிடிபடல. மூணு தடவை போட்டாக. உங்களுக்கு ஏதாச்சும் புரியுதாய்யான்னு கேட்டாக. புரியலம்மான்னேன். அதனாலதான் ரிப்போர்ட்டுல அந்த எடத்துல புள்ளி புள்ளியா வச்சு, ரெண்டு சொல், தெளிவில்லைன்னு போட்டிருக்காக.

திங்கக்கெளமை அந்தப் புள்ளிய அளிச்சுட்டு எளுதிக்கச் சொல்லணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுலயும் என் பேரை எளுதிக்கட்டும், மாரீஸ்வரன், ஃபோர்மேன். ரெண்டு சொல்லுன்னு போட்டது சரிதான். வந்த, வாசல். ஆனா கடைசியில ஒரு ப்பா இருக்கு தம்பி. அத விட்டுட்டாக.